நாயை வதைக்கும் வீட்டில் குழந்தைக்கும் ஆபத்தா?

பக்கத்து வீட்டுக்காரர் நாயைக் கண்மண் தெரியாமல் அடிக்கிறார், அங்கே குழந்தையும் இருக்கிறது, கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், கவலைப்பட வேண்டிய விஷயம்தான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், குழந்தை வதைக்காக அரசு கண்காணிப்பில் இருந்த, செல்லப்பிராணி வளர்த்த 53 குடும்பங்களைப் பற்றிய ஆய்வு 1983-இல் வெளியானது. 60 சதவீத வீடுகளில் பிராணியும் வதைபட்டிருந்தது. குழந்தைக்கு அடி உதை விழுந்த வீடுகளில் மட்டும் அது 88 சதவீதம்! பெரும்பாலும் பெற்றோரே வதைத்திருந்தார்கள். சில வீடுகளில் குழந்தைகளே. அடி வாங்கும் பிள்ளை தன்னைவிட எளிய உயிரிடம் அதைக் காட்டுவதுண்டு. அதனால் பூனையை வதைக்கும் சிறுவனைத் திட்டும் முன், அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்புறம், "வெளியே சொன்னால் நாயைக் கொன்றுவிடுவேன்" என்று மிரட்டியே குழந்தையின் வாயை அடைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவை ஏற்கெனவே வன்முறை நடந்த வீடுகள். நாயை அடிப்பவர் எல்லோரும் பிள்ளையையும் அடிப்பார் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

விலங்கு வதையும் குழந்தை வதையும் இப்படிச் சேர்த்துப் பேசப்படுவது புதிதல்ல. 1874-இல் நியூயார்க்கில், வீட்டில் வதைபட்ட மேரி எலன் என்ற சிறுமியை மீட்க உதவியவரே விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க்தான். ('அவளையும் ஒரு விலங்கு என்று வாதாடி மீட்டார்கள்' என்பது கட்டுக்கதை, ஆட்கொணர்வு மனு மூலமே மீட்டார்கள்.)

இந்தியாவில் இருந்தால், குழந்தை பற்றிச் சந்தேகம் வந்தாலே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.