அயோவாவில் நான்காம் இடம், கடைசியில் வெள்ளை மாளிகை: பிரைமரி கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரிகளை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் பார்க்கிற பழக்கம் எனக்கு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: பிரைமரி, காக்கஸ் இரண்டும் ஒன்றுதானா?

நோக்கம் ஒன்று, முறை வேறு. பிரைமரி வழக்கமான தேர்தல். போய் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிடலாம். காக்கஸ் என்பது கூட்டம். குளிர்கால இரவில் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ அந்த வட்டாரத்து ஆட்கள் கூடுவார்கள். அயோவாவில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 2020 வரை, பிடித்த வேட்பாளருக்கான மூலையில் போய் நின்றார்கள். தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத கூட்டம் வேறு மூலைக்கு மாறலாம். அப்போது பக்கத்து வீட்டுக்காரரே வந்து கையைப் பிடித்து இழுப்பார். குடியரசுக் கட்சியில் இந்தக் கூத்து இல்லை. வேட்பாளருக்காகச் சிலர் பேசுவார்கள், அப்புறம் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போடுவார்கள்.

கே: ஐம்பது மாநிலம் இருக்க, அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்ற இரண்டு சின்ன மாநிலங்களுக்கு முதலிடம் கொடுத்தது யார்?

யாரும் கொடுக்கவில்லை, அவர்களே பிடித்து வைத்துக்கொண்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் நாட்டின் முதல் பிரைமரியை நடத்துகிறது. இதுபோன்ற தேர்தல் வேறு எங்கே நடந்தாலும் அதற்கு ஏழு நாளாவது முன்னால் எங்களுடையது நடக்கும் என்று மாநிலச் சட்டமே போட்டுவிட்டார்கள்.

அயோவா தற்செயல். 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டு அரங்குக்கு வெளியே தடியடி. அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி விதிகளை மாற்றியது. அயோவாவில் காக்கஸுக்குப் பிறகு கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு), மாவட்டம், மாநிலம் என்று வரிசையாக மாநாடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையில் போதிய நாள் விட வேண்டும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், 1972 ஜனவரியில் போய் நின்றது. நியூ ஹாம்ப்ஷயருக்கும் முன்னால்!

அதன் அருமையைப் புரிந்துகொண்டவர் ஜிம்மி கார்ட்டர். 1976இல் அங்கே வீடு வீடாக ஏறி இறங்கினார். முதலில் வந்தது என்னவோ 'இன்னும் யாருக்கும் இல்லை' என்ற பிரிவுதான், சுமார் 37 சதவீதம். கார்ட்டருக்கு அதற்கடுத்து 28 சதவீதம் அளவில். ஆனால் மறுநாள் செய்தியில் வென்றவர் அவர்தான். 'யாருக்கும் இல்லை'யைப் பேட்டி எடுக்க முடியுமா?

கே: இந்த மாநிலங்களில் மொத்தம் எத்தனை பிரதிநிதிகள்? நாலு பேருக்காக ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்தான் இந்தப் பிரதிநிதிகள். முதலில் வாக்களிக்கும் நான்கு மாநிலங்களின் 2020 ஜனநாயகக் கட்சிக் கணக்கு: அயோவா 41, நியூ ஹாம்ப்ஷயர் 24, நெவாடா 36, தென் கரோலைனா 54. கூட்டினால் 155. நாடு முழுக்க வாக்கால் கிடைக்கும் பிரதிநிதிகள் 3,979. நான்கு சதவீதம்கூட இல்லை.

ஆக, இந்த மாநிலங்கள் தருவது எண்ணிக்கை அல்ல. எதிர்பார்த்ததைவிட மேலே வந்தீர்களா, கீழே வந்தீர்களா என்பதுதான் அங்கே மதிப்பெண். 1968 நியூ ஹாம்ப்ஷயரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வென்றார். சீட்டில் பெயரே இல்லாமல், மக்கள் கையால் எழுதி 49 சதவீதம். வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு 42. பதவியில் இருக்கும் அதிபரை இவ்வளவு நெருங்கிவிட்டாரே என்பதுதான் பேச்சானது. நான்கே நாளில் ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார். மாதக் கடைசியில் மறுபடி நிற்கப் போவதில்லை என்றார் ஜான்சன்.

1972இல் எட்மண்ட் மஸ்கி அங்கே 46 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஆனால் பக்கத்து மாநிலமான மெய்னின் செனட்டருக்கு இது போதாது என்றார்கள். 37 வாங்கிய மெக்கவர்ன்தான் கடைசியில் வேட்பாளர். 1992இல் பில் கிளின்டன் இரண்டாம் இடம். பிரச்சாரம் முழுக்க அவதூறும் சர்ச்சையும் துரத்திக்கொண்டிருந்ததால், அந்த இரண்டாம் இடத்தையே மீண்டெழுந்ததாகக் கொண்டாடினார். வென்ற பால் சாங்கஸை இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

கே: கமலா ஹாரிஸ் 2020இல் ஒரு வாக்குகூட வாங்காமல் விலகினார் என்கிறார்களே?

உண்மை. சென்னைக்காரரான சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம்மவர்கள் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2019 டிசம்பர் 3 அன்று பணம் இல்லை என்று விலகிவிட்டார். அயோவா காக்கஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கடைசி மாதங்களில் ஆட்களையெல்லாம் அயோவாவுக்குத்தான் அனுப்பியிருந்தார். அங்கே தேற மாட்டார் என்று தெரிந்தால் நன்கொடை வறண்டுவிடும், ஊழியர் சம்பளம் நிற்கும். முதல் மாநிலத்தில் வாக்குப்பதிவு நடப்பதற்குள்ளேயே அது பலரைக் கழித்துவிடுகிறது.

கே: அப்படியென்றால் அயோவாவில் நான்காவதாக வந்த பைடன் எப்படித் தப்பினார்?

ஒரு காரணம், அயோவாவில் எண்ணிக்கையே குளறுபடி ஆனது. முடிவுகளை அனுப்பும் செயலி சொதப்ப, அன்று இரவு யார் வென்றார் என்றே தெரியவில்லை. முன்னணியில் இருந்த பீட் புட்டிஜெஜுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் அந்த இரவின் வெளிச்சம் கிடைக்காமல் போனது. பைடனின் தோல்வியும் அதில் பாதி மறைந்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். முடிவு வரும்வரை காத்திராமல் அன்று மாலையே விமானம் ஏறித் தென் கரோலைனா போய்விட்டார். அங்கே அந்தக் கட்சியின் வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களுக்கு ஒபாமாவின் துணை அதிபரை எட்டு ஆண்டாகத் தெரியும். நெவாடாவில் இரண்டாம் இடம் பிடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிப்ரவரி 26இல் அந்த மாநிலத்தின் மூத்த எம்.பி. ஜிம் கிளைபர்ன் ஆதரவு அறிவித்தார். 29இல் பைடனுக்கு ஏறக்குறையப் பாதி வாக்குகள்.

அடுத்த இரண்டு நாளில் புட்டிஜெஜும் ஏமி குளோபுச்சரும் விலகி அவர் பின்னால் நின்றார்கள். மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் டியூஸ்டே. 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. சரியாகப் பிரச்சாரமே செய்யாத மாசசூசெட்ஸிலும் வென்றார். அது எலிசபெத் வாரனின் சொந்த மாநிலம், அவருக்கு மூன்றாம் இடம். மூன்று நாளில் போட்டி தலைகீழானதை நான் வேறெந்த ஆண்டிலும் பார்த்ததில்லை.

கே: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அயோவா வெறும் சத்தம் போலிருக்கிறதே?

குடியரசுக் கட்சியில் பாதி சரி. 2008இல் ஹக்கபீ, 2012இல் சாண்டோரம், 2016இல் டெட் குரூஸ்: அயோவாவில் வென்ற மூவரும் வேட்பாளர் ஆகவில்லை. பாவம் சாண்டோரம். அன்று இரவு மிட் ராம்னி எட்டு வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள், இரண்டு வாரம் கழித்து சாண்டோரம்தான் 34 வாக்கு முன்னிலை என்றார்கள். அதற்குள் ராம்னி நியூ ஹாம்ப்ஷயரையும் வென்றிருந்தார்.

ஆனால் 2008இல் ஒபாமா? மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையரான மாநிலத்தில் முதலிடம், ஹிலாரிக்கு மூன்றாம் இடம். வெள்ளையர்கள் இவருக்குப் போடுவார்களா என்று தயங்கிக்கொண்டிருந்த தென் கரோலைனாவின் கறுப்பின வாக்காளர்களுக்கு அது பதில். அங்கே அவருக்கு 55 சதவீதம். அயோவா இல்லாமல் ஒபாமா இல்லை என்பது என் கருத்து.

கே: ஆரம்ப மாநிலங்களை விட்டுவிட்டுப் பெரிய மாநிலங்களில் மட்டும் கவனம் செலுத்தினால்?

நியூயார்க்கின் முன்னாள் மேயர் ஜூலியானி 2008இல் பிளோரிடாவை நம்பிக் காத்திருந்தார். முந்தைய ஆண்டு கருத்துக்கணிப்புகளில் முதலிடத்தில் இருந்தவர், மூன்றாவதாக வந்து மறுநாளே விலகினார். அதே நகரத்தின் இன்னொரு முன்னாள் மேயர் புளூம்பர்க் 2020இல் முதல் நான்கு மாநிலங்களையும் தவிர்த்து, நூறு கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தை இறைத்தார். சூப்பர் டியூஸ்டேயில் அவர் வென்ற ஒரே இடம் பசிபிக் தீவுப் பகுதியான அமெரிக்கச் சமோவா.

கே: இந்த வரிசை நியாயமா? மாற்ற முடியாதா?

சிறிய மாநிலத்தில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும். காசில்லாதவரும் டீக்கடை மாதிரி இடங்களில் உட்கார்ந்து பேசிப் பெயர் வாங்கலாம். ஆனால் எப்போதும் அதே இரண்டு மாநிலங்கள் என்பது சரியில்லை. 2024இல் ஜனநாயகக் கட்சி தென் கரோலைனாவை முன்னால் கொண்டுவந்தது. நியூ ஹாம்ப்ஷயர் எங்கள் சட்டம் எங்களுக்கு என்று ஜனவரி 23இலேயே நடத்தியது. சீட்டில் பைடன் பெயர் இல்லை, கையால் எழுதியே மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். குடியரசுக் கட்சி பழைய வரிசையிலேயே போனது. அயோவாவில் டிரம்புக்கு 51 சதவீதம். 99 கவுண்டிக்கும் போய்வந்த டிசாண்டிஸ் ஒரு வாரத்தில் மூட்டையைக் கட்டினார். நிக்கி ஹேலி சொந்த மாநிலமான தென் கரோலைனாவிலும் தோற்று, சூப்பர் டியூஸ்டே வரை இழுத்தார்.

கே: நள்ளிரவில் வாக்குப் போடும் ஊர் ஒன்று இருக்கிறதாமே?

டிக்ஸ்வில் நாட்ச், நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடி. 1960 முதல் இந்த வழக்கம். மணி 12 அடித்ததும் வாக்குப் போட்டு, எண்ணி, உலகத்துக்கே சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்கள். 2024இல் மொத்தம் ஆறு வாக்கு. ஆறும் நிக்கி ஹேலிக்கு. அன்று இரவு மாநிலத்தில் வென்றவர் டிரம்ப்.