கடிப்பதற்கு முந்தைய நிமிடம்

வாசகர் கேள்விகளுக்கு, குழந்தைகள் காப்பகத்தில் 22 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. டே கேரில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கடிக்கிறான், தள்ளிவிடுகிறான். சாயங்காலம் கூட்டிவரப் போனால் வாசலிலேயே புகார். இப்படியே போனால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கத்துவான், பொருளை எறிவான், ஆனால் கடித்ததே இல்லை. நான் வளர்த்த விதம்தான் தப்பா?

பதில்: வளர்ப்பைப் பிறகு பார்ப்போம். நாளை போகும்போது மிஸ்ஸிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது? கடித்ததும் யாரைக் கடித்தான், எவ்வளவு ஆழமாகத் தடம் விழுந்தது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய நிமிடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வாரத்தில் நாலு நாள் யாரையாவது கடித்துவிடுவாள். கடித்ததும் நான் அவளைத் தூக்கி வந்து என் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக அறிவுரை சொல்வேன். பொறுமையாகச் சொல்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரண்டு வாரம் போயிற்று, கடி கூடியதே தவிரக் குறையவில்லை. அப்புறம்தான் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மணி, இடம், பக்கத்தில் யார், முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுத ஆரம்பித்தேன். ஏழாவது நாள் பக்கத்தைப் புரட்டினால் எல்லாம் ஒரே இடம்: சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும் வரிசை. பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரே குழாய். குறுகலான நடை. பின்னால் இருப்பவனின் மூச்சு கழுத்தில் படும். பசி வேறு. அதில் அவள் பல்லை நீட்டியதும் நான் போய் வரிசையிலிருந்து தூக்கி, மடிக்குப் பக்கத்தில் இடமும் கொடுத்திருக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் கடித்திருப்பேன்.

மறுநாளிலிருந்து மூன்று மூன்று பேராகக் கை கழுவ அனுப்பினோம். அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. கதவுப் பக்கம் தனியாக நிற்கலாம். கூடவே, யாராவது நெருங்கினால் உள்ளங்கையை முன்னால் நீட்டி ‘தள்ளி நில்லு’ என்று சொல்லப் பழக்கினோம். இதைக் கடித்த சூட்டில் சொல்லித்தரக் கூடாது, அப்போது காதில் ஏறாது. காலையில், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இரண்டு பொம்மைகளை வைத்து விளையாட்டாகப் பத்துத் தடவை. அவள் முதல்முறை கையை நீட்டியபோது பின்னால் நின்ற பையன் நகரவில்லை. நான் ஓடிப்போய் அவனை நகர்த்தினேன். ஏனென்றால் சொன்ன சொல் பலிக்காவிட்டால் பல்தான் பலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதத்தில் நோட்டில் எழுத வேலையில்லாமல் போயிற்று.

உங்கள் மகன் வீட்டில் கடிக்காததற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். வீட்டில் வரிசை இல்லை, கையிலிருப்பதைப் பிடுங்க ஆளும் இல்லை. ஒரு வாரம் டே கேரிலும் வீட்டிலும் எழுதிப் பாருங்கள். கத்தல், எறிதல் எல்லாம் வீட்டுக் கணக்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘இதை நிறுத்திவிட்டு அதைச் செய்’ என்று சொல்லும் நேரத்தில்தான் இரண்டு இடத்திலும் வெடிக்கிறான் என்றோ, தூக்கம் குறைந்த நாளில்தான் என்றோ தெரியவரும். மூன்று, நாலு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கடித்துவிட்டால்? முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போக வேண்டும். கடித்தவனிடம் ‘கடித்தால் வலிக்கும், கடிக்க விடமாட்டேன்’ என்று ஒரு வரி போதும். வலி தெரியட்டும் என்று திருப்பிக் கடித்துக் காட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத் தவிர அதில் பிள்ளை கற்க எதுவும் இல்லை.

இனி வளர்ப்பு. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கடிப்பது எந்தக் காப்பகத்திலும் பார்க்கிற சங்கதி. கனடாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்ற ஆய்வாளர், சின்ன வயதிலிருந்து பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தவர். ஒரு மனிதன் ஆயுளில் அதிகமாக அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான் என்கிறார். அடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லையாம், அடிக்காமல் இருக்கத்தான் கற்றுத்தர வேண்டுமாம். எனக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் படுகிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த வயதில் இரண்டு சொற்களைக்கூடச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு பேசியதை இப்போது பேசுவதில்லை என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காது, பேச்சு இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு ‘அடங்காதவன்’ என்று பெயர் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேத்திக்கு மூன்றரை வயது. பகலில் என்னிடம் இருக்கிறாள். செல்போன் கொடுக்கக் கூடாது என்பது மருமகளின் கட்டளை. பேத்தி தரையில் புரண்டு அழுதால் என்னால் தாங்க முடியாது, கொடுத்துவிடுகிறேன். சாயங்காலம் எனக்கும் மருமகளுக்கும் சண்டை. பாட்டி செய்வது அவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: குற்றமில்லை அம்மா. ஆனால் எந்த நிமிடத்தில் கொடுக்கிறீர்கள்? கேட்டதும் கொடுத்தால் கேட்டால் கிடைக்கும் என்று கற்கிறாள். இருபது நிமிடம் புரண்ட பிறகு கொடுத்தால், இருபது நிமிடம் புரண்டால் கிடைக்கும் என்று கற்கிறாள். ஒரு நாள் கொடுத்து, மூன்று நாள் மறுத்து, மறுபடி கொடுப்பது அதைவிட மோசம். எப்போதாவது கிடைக்கிற பரிசுக்காக உயிர்கள் விடாமல் முயலும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்தே காட்டிவிட்டார். பேத்தி அவற்றைவிடக் கெட்டிக்காரி.

கொடுப்பதாக இருந்தால் அழுகைக்கு முன்னால் கொடுங்கள், இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்குள் எவ்வளவு, எப்போது என்று மருமகளும் நீங்களும் பேத்தி தூங்கியபின் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவள் முன்னால் வேண்டாம்.

மறுக்க ஆரம்பித்த முதல் சில நாள் அழுகை கூடும். பயந்துவிடாதீர்கள். வழக்கமான சாவி திறக்காதபோது நாம் இரண்டு தடவை பலமாகத் திருகிப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காமல், எழுந்தும் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தலை எங்கும் மோதாமல் பார்த்தால் போதும். கத்தல் ஓய்ந்து விசும்பலாக மாறும். அப்போது அவளே மடிக்கு வருவாள், எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளின் இந்த ஆர்ப்பாட்டம் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்று பெற்றோரிடம் விசாரித்து எழுதிய ஆய்வு இருக்கிறது. நமக்குத்தான் அது ஒரு மணி நேரமாகத் தெரிகிறது.

கேள்வி: நான் டே கேரில் வேலை பார்க்கிறேன். ஒரு பிள்ளையின் நடத்தையைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவன் அம்மா முகம் சிவந்து, ‘வீட்டில் அவன் தங்கம்’ என்கிறார். எப்படிச் சொல்வது?

பதில்: வாசலில் சொல்லாதீர்கள். பிள்ளை அவர் இடுப்பில் இருக்கும்போது நிச்சயமாகச் சொல்லாதீர்கள். மூன்று வயதுக்காரனுக்கு எல்லாம் கேட்கும். வேலை முடிந்தபின் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். முதலில் அன்றைக்கு அவன் செய்த ஒரு நல்ல காரியம், பெயரோடும் இடத்தோடும். ‘நல்ல பையன்தான், ஆனால்’ என்று தொடங்கினால் ‘ஆனால்’ மட்டும்தான் நிற்கும். பிறகு, ‘வீட்டில் தங்கமாக இருக்கிறான் என்கிறீர்களே, எப்படிச் சமாளிக்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கிண்டல் தொனி இருக்கக் கூடாது. முதல் கேள்விக்குச் சொன்னதுபோல் நீங்களும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் அதைக் காட்டுங்கள். அதில் எழுத எதுவும் நடக்காமல் வெறுமையாக விட்ட நாள் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் திறந்து காட்டுங்கள்.