மானிட்டருக்கு முன்னால் முகம்: இதயப் பிரிவு நர்ஸ்களின் கேள்விகளும் பதில்களும்

(இதய சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களும், பார்க்க விரும்புகிறவர்களும் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். சிசியூ எனப்படும் இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதய அறுவை சிகிச்சை ஐசியூவிலும் 22 ஆண்டுகள் வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் பதில் தருகிறார்.)

அக்கா, பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கிறேன். கார்டியாக் பக்கம்தான் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஈசிஜி என்றாலே கை நடுங்குகிறது. எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. நான் இதற்கு லாயக்கா? (மாணவி, திண்டுக்கல்)

லாயக்குதான்மா, அந்தச் சந்தேகமே வேண்டாம். ஈசிஜி புத்தகத்தைப் படித்து மண்டையில் ஏறுகிற விஷயம் இல்லை, கையால் எடுத்து எடுத்துத்தான் வரும். உன் போஸ்டிங்கில் ஈசிஜி எடுக்கிற வேலை வந்தால் டெக்னீஷியன் வரட்டும் என்று நிற்காதே, நீயே போய் எடு. வயர்களில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிப் போட்டால் தாளில் முதல் லீட் (ஒவ்வொரு கோணத்திலிருந்தும் பதிவாகிற கோடு) தலைகீழாக வரும். அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் வாழ்நாளில் மறக்காது. அப்புறம் மார்பில் ஒட்டுகிற வி1, வி2. இதை நிறையப் பேர் கழுத்துப் பக்கமாக மேலே ஒட்டிவிடுகிறார்கள். மார்பெலும்புக்கு இரண்டு பக்கமும் நாலாவது விலா இடைவெளியில் விரலால் எண்ணிப் பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். பெண் நோயாளி என்றால் திரையை இழுத்து மூடு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லிவிட்டு ஆரம்பி. அவசரத்தில் இதை விட்டுவிடுகிறோம்.

படிக்கிற விதத்தையும் மாற்று. ஒரு நாளைக்கு ஒரே ஒரு நோயாளியின் ஈசிஜியை எடுத்துக்கொள். இரண்டு ஆர் அலைகளுக்கு (உயரமாக நிற்கிற கூர்முனை) நடுவே எத்தனை பெரிய கட்டம் இருக்கிறது என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நாடித்துடிப்பு வந்துவிடும் (தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, துடிப்பு சீராகவும் இருக்கும்போது). அதற்கப்புறம் அந்த நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்தது, எப்போது ஆரம்பித்தது என்று கேள். நான் கற்றதெல்லாம் இப்படித்தான். 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று லீட்களிலும் கோட்டின் எஸ்டி பகுதி மேலே தூக்கியிருந்தால் கீழ்ச்சுவர் அட்டாக் என்று புத்தகம் சொல்லிவிடும். ஆனால் அந்த நேரத்தில் வலது பக்க மார்பிலும் ஒரு லீட் ஒட்டி வி4ஆர் எடுத்துப் பார்க்காமல் நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்துவிட்டால், வலது வென்ட்ரிக்கிளும் (இதயத்தின் வலது கீழறை) அடிபட்டிருக்கிற நோயாளிக்குக் கண் முன்னாலேயே பிரஷர் இறங்கிவிடும். அதை ஒரு தடவை பார்த்தவள் எந்த ஈசிஜியையும் வெறும் கோடாகப் பார்க்க மாட்டாள்.

இன்னொன்று. மானிட்டரைப் பார்க்கும் முன் முகத்தைப் பார். உள்ளே நுழைந்ததும் நெற்றியில் வியர்வை இருக்கிறதா, கை ஜில்லென்று இருக்கிறதா, போன ரவுண்டில் பேசிய மாதிரியே பேசுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் திரைக்குப் போக வேண்டும். ஒரு லீட் கழன்றாலே மானிட்டர் நேர்கோடு காட்டும். பல் தேய்த்தால்கூட விஎஃப் (இதயம் தாறுமாறாகத் துடிதுடித்து ரத்தத்தை அனுப்பாத நிலை) மாதிரி காட்டும். முகத்தைப் பார்த்தவளுக்கு அந்தக் குழப்பம் வராது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படிக்கும்போது இதய நர்சிங் என்று கனவு. இங்கே பிரசவமும் தடுப்பூசியும்தான். அதை மறந்துவிட வேண்டியதுதானா சிஸ்டர்? (வாசகி, கள்ளக்குறிச்சி)

மறக்காதீர்கள், ஏனென்றால் இதய நர்சிங்கின் முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்தான் இருக்கிறது. நெஞ்சு வலி என்று வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கிற விதி. கேத் லேபில் (ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்கிற அறை) எவ்வளவு பெரிய கருவி இருந்தாலும், கிராமத்தில் அந்தப் பத்து நிமிடம் தவறினால் எங்களிடம் வரும்போது இதயத் தசை பாதி போயிருக்கும்.

நம் ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரும் வருவதில்லை. 'வாயுப் பிடிப்பு மாதிரி இருக்கு, ஒரு ஊசி போடுங்க' என்றுதான் வருவார்கள். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிற அம்மாவுக்குப் பல நேரம் நெஞ்சு வலியே இருக்காது. வியர்த்துக் கொட்டும், வாந்தி வருகிற மாதிரி இருக்கும், தாடையோ முதுகோ கடுக்கும். அவர்களை ரானிடிடின் ஊசியோடு வீட்டுக்கு அனுப்பாமல் ஈசிஜி மேஜையில் படுக்க வைக்கிற ஆள் நீங்கள்தான். தமிழ்நாட்டில் 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் மூன்றும் சேர்ந்த முதல் டோஸ் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். அந்த மாத்திரைகளை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சீட்டில் எழுதி, 108-இல் ஏற்றும்போது ஈசிஜி தாளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். மேலே இருக்கிற எங்களுக்கு அந்தச் சீட்டு தங்கம். நேரம் எழுதாமல் வருகிற நோயாளியிடம் திரும்ப முதலிலிருந்து விசாரிக்கிறோம், அதிலேயே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மாறுதல் கிடைக்கும்போது சிசியூ கேளுங்கள். அதுவரை இங்கே கற்றுக்கொள்வது வீணாகாது.

ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்து மூன்று வருடமாகத் தனியார் மருத்துவமனை சிசியூவில் இருக்கிறேன். வயது 27. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கவா, கார்டியாக் டிப்ளமோ படிக்கவா, எய்ம்ஸ் தேர்வு எழுதவா? சம்பளம் பற்றாமல் குழம்பிப்போயிருக்கிறேன். (வாசகர், நாகர்கோவில்)

தம்பி, முதலில் தேர்வு, அப்புறம் படிப்பு. காரணம் வயது. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயது 30. ஓபிசிக்கு 3 வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு 5 வருடமும் தளர்வு உண்டு. ஜிஎன்எம் முடித்தவர்களுக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. நர்சிங் ஆபிஸர் பதவிக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். இன்றைக்கு நீங்கள் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிப்பைத் தள்ளிப் போடலாம், வயதை முடியாது. மாநில அரசின் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு அறிவிப்பு வந்தால் அதையும் விடாதீர்கள். தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான், பணி நிரந்தரமாவதற்குக் காத்திருக்க வேண்டும். அது தெரிந்தே எழுதுங்கள்.

அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். படுக்கை எண்ணிக்கை, பணிபுரிந்த பிரிவு, தேதிகள் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேலையை விடும்போது இழுத்தடிக்கிற இடங்கள் இருக்கின்றன. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு என்று மிரட்டுகிற இடங்களும் இருக்கின்றன. நான் முதலில் சேர்ந்த மருத்துவமனையில் என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இரண்டு வருடம் அவர்கள் பீரோவில் கிடந்தது, என் அப்பா மூன்று தடவை பஸ் ஏறி வந்து கேட்டுத்தான் மீட்டார். அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

படிப்பைப் பொறுத்தவரை, நோயாளியின் பக்கத்திலேயே இருக்க ஆசைப்பட்டால் ஒரு வருட கார்டியோ தொராசிக் போஸ்ட் பேசிக் டிப்ளமோவைத்தான் நான் சொல்வேன். இந்தியன் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மாதிரி இடங்களில் படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். டிரெயின் (மார்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் குழாய்), பேசிங் வயர் (துடிப்பைத் தூண்டும் கம்பி), பலூன் பம்ப் (இதயத்துக்கு உதவும் கருவி) எதைக் கண்டும் திகைக்க மாட்டார்கள். கற்பிக்கவோ நிர்வாகத்துக்கோ போக வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. ஏசிஎல்எஸ் (இதயம் நின்றவரை மீட்கும் உயர்நிலைப் பயிற்சி) சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், அதைக் காலாவதியாக விடாதீர்கள்.

கேத் லேபுக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம். கதிர்வீச்சு இருக்கிற இடம், குழந்தை தங்காது என்று மாமியார் பயப்படுகிறார். வேலையை விட்டுவிடலாமா? (வாசகி, ஈரோடு)

விட வேண்டாம். அவர் பயப்படுவதிலும் தப்பில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யாருக்கும் பயம் வரும். லெட் (ஈய) ஏப்ரனும் தைராய்டு காலரும் போடாமல் எக்ஸ்ரே ஓடும்போது உள்ளே நிற்காதீர்கள், இரண்டு நிமிட வேலை என்றாலும் சரி. ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், ஹேங்கரில்தான் தொங்கவிட வேண்டும். டாக்டர் எக்ஸ்ரே மிதியைக் காலால் அழுத்தும்போது மேஜையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்களோ அவ்வளவு நல்லது. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் சுமார் நாலில் ஒரு பங்காகிவிடும். உடலில் படுகிற கதிர்வீச்சைப் பதிகிற டிஎல்டி பேட்ஜை உங்கள் பெயரில் வாங்கி ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் மாட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற ரிப்போர்ட்டை நீங்களே கேட்டுப் படியுங்கள். ரிப்போர்ட்டை மாமியாரிடமும் காட்டலாம். நாள் தள்ளிப்போனதும் முதல் வேலையாக இன்சார்ஜிடம் எழுத்தில் கொடுத்து சிசியூவுக்கோ ஓபிக்கோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் மறைக்கிறோமே, அந்த மூன்று மாதம்தான் முக்கியம்.

வளைகுடா நாட்டுக்கு அனுப்புவதாக ஒரு ஏஜெண்ட் நான்கு லட்சம் கேட்கிறார். நம்பலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கொடுக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள், சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். நகை அடகு வைத்துப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு வருடச் சம்பளம் வட்டிக்கே போனது.

சிஸ்டர், சிசியூவில் ஒரு வருடமாக இருக்கிறேன். அட்டாக் வந்து ஊசி போட்டு நன்றாகத் தேறிய 46 வயதுக்காரர். இரவு இரண்டு மணிக்கு, 'வீட்டுக்கு எப்போ சிஸ்டர் போகலாம்?' என்று கேட்டார். அரை மணி நேரத்தில் விஎஃப். உடனே ஷாக் கொடுத்தோம், நாற்பது நிமிடம் போராடினோம், திரும்பவில்லை. நான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று தூங்க முடியவில்லை. (பெயர் வேண்டாம், மதுரை)

கவனிக்காமல் விடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். வேலையில் மூன்றாவது வருடம். பைபாஸ் முடிந்து வந்த ஒருவருக்கு மார்பு டிரெயினில் மணிக்கு நூறு மில்லிக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது. திடீரென்று பத்தாகக் குறைந்தது. ரத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சார்ட்டில் எழுதினேன். இருபது நிமிடம் கழித்து ரவுண்டு வந்த சீனியர் சிஸ்டர் சார்ட்டைத் தொடவே இல்லை. நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்தார், கழுத்து ரத்தக் குழாயைப் பார்த்தார், 'சர்ஜனைக் கூப்பிடு' என்றார். ரத்தம் நிற்கவில்லை, ரத்தக் கட்டி டியூபை அடைத்துக்கொண்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கியிருந்தது. படுக்கையிலேயே மார்பைத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டார். என் கண் முன்னால் இருந்த அடையாளத்தை நான் தப்பாகப் படித்தேன், அது என் தவறு.

உங்களுடையது அது இல்லை. அட்டாக் வந்த இதயம் முதல் ஒன்றிரண்டு நாளில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விஎஃப்புக்குப் போகும். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறவருக்கும் போகும். அதற்காகத்தான் சிசியூ என்று ஒரு இடமே இருக்கிறது. ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். நீங்கள் தாமதிக்கவில்லை.

ஆனாலும் நான் சொன்னதால் மட்டும் தூக்கம் வராது. இன்சார்ஜையோ அன்றைய டியூட்டி டாக்டரையோ உட்கார வைத்து அந்த ஃபைலை ஒரு முறை சேர்ந்து படியுங்கள். பொட்டாசியம் எவ்வளவு இருந்தது, அதற்கு முன் எக்டோபிக் (இடையில் வருகிற தப்புத் துடிப்பு) வந்ததா, ஷாக் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இதுமாதிரி உட்கார்ந்து பேசுகிற வழக்கம் உங்கள் யூனிட்டில் இல்லையென்றால் நீங்கள் கேட்டு ஆரம்பித்து வையுங்கள். அடுத்த வாரமும் தூக்கம் வரவில்லை, டியூட்டிக்குப் போகவே பயமாக இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அவருடைய வீட்டார் இறப்புச் சான்றிதழ் வாங்க வருவார்கள். முடிந்தால் அவர் மனைவியிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். அன்று இரவு வலி இல்லாமல் இருந்தார், வீட்டுக்கு எப்போது போகலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள். அவர் என்ன பேசினார் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.