மலை ரயில் மாடலும் கையால் செய்யும் பாலமும்: கேள்வி பதில்

நீலகிரி மலை ரயிலை வீட்டில் மாடலாகக் கட்டுகிறவர்களின் கேள்விகள் இவை. பலரும் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பகுதியையே எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். வேறு அளவு என்று சொல்லாத இடங்களில் எல்லாமே 1:87 கணக்கு, அதாவது நிஜத்தின் 87-ல் ஒரு பங்கு.

அரவங்காடு: அண்ணா, எங்கிட்ட 16.5 மி.மீ. தண்டவாளம் நிறைய கிடக்கு. அதையே போட்டுட்டு 1:87 பெட்டி ஓட்டலாமா?

ஓடும், ஆனால் நம்ம ரயில் மாதிரி இருக்காது. மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி ஒரு மீட்டர். 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5, அதனால் 12 மி.மீ. பாதைதான் சரி. கடையில் எச்ஓஎம் (1:87-ல் மீட்டர் கேஜ் பாதைக்கு வழங்கும் பெயர்) என்று கேளுங்கள். டிடி (1:120) அளவுக்கு விற்கும் பாதையும் 12 மி.மீ.தான், ஆனால் அதில் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக்கட்டை) இடைவெளி வேறு, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கையில் இருப்பதை வீணாக்க மனமில்லை என்றால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 16.5 மி.மீ. பாதை மீட்டர் கேஜ் ஆக வேண்டுமானால் அளவு சுமார் 1:60. பெட்டி, பாலம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் கையால் செய்வதென்றால் 1:60 நல்ல தேர்வு, விரலுக்கும் வசதி. பொம்மை, மரம், ஜீப் எல்லாம் கடையில் வாங்குகிறவருக்குச் சரிப்படாது.

வெலிங்டன்: நிஜத்துல இருக்கற 12-க்கு 1 ஏற்றத்தையே மாடல்லயும் வைக்கணும்னு ஆசை. இன்ஜின் ஏறுமா சார்?

பற்சட்டம் (பாதையின் நடுவில் வரும் பல் வைத்த சட்டம், இன்ஜினின் பற்சக்கரம் அதைப் பிடித்து ஏறும்) இல்லாமல் ஏறாது. நிஜத்திலும் அதற்காகத்தான் கல்லாறுக்கு மேல் பற்சட்டம் போட்டார்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 25-க்கு 1 ஏற்றம், அதாவது 4 சதவீதம். அங்கே பற்சட்டம் கிடையாது. மாடலிலும் சாதாரணச் சக்கரத்துக்கு 4 சதவீதமே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வளைவில் சக்கரம் உரசுவதும் ஓர் ஏற்றம்தான். 800-ஐ வளைவின் ஆரத்தால் (மி.மீ.யில்) வகுத்தால் வருவது சதவீதக் கணக்கில் கூடுதல் ஏற்றம் என்பது மாடல்காரர்களின் கைக்கணக்கு. 600 மி.மீ. ஆர வளைவு என்றால் 1.3 சதவீதம். 4 சதவீத ஏற்றத்தில் அந்த வளைவு இருந்தால் இன்ஜினுக்கு அது 5.3. அதனால் நேர்ப்பாதையில் 4 வைத்தால், வளைவில் 2.7-க்கு இறக்கிவிடுங்கள். நிஜ ரயில்வேயிலும் வளைவில் சரிவைக் குறைக்கிற வழக்கம் உண்டு.

மட்டத்திலிருந்து ஏற்றத்துக்குப் போகிற இடத்தைச் சட்டென்று மடிக்காதீர்கள். 4 சதவீதத்துக்குக் குறைந்தது 400 மி.மீ. நீளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 9 மி.மீ. பிளைவுட் பட்டையை ஒரு முனையில் திருகி, மறுமுனையை மெல்லத் தூக்கினால் அதுவே அழகாக வளைந்து கொடுக்கும். அந்த இடத்தில் மட்டும் இணைப்பு வரக்கூடாது.

கோத்தகிரி: என் பாலம் வளைவுல வருது. 600 மி.மீ. ஆரம், மூணு கண், ஒவ்வொண்ணும் 140 மி.மீ. கர்டரை வளைச்சு செய்யணுமா?

கூடாது. இந்த மாதிரிப் பாலத்தில் கர்டர் (தூணுக்குத் தூண் போகிற உத்தரம்) நேராகத்தான் இருக்கும். மேலே பாதைதான் வளையும். கர்டரை வளைத்தால் ரயில் பாலம் போலவே இருக்காது, மேம்பாலம் மாதிரி ஆகிவிடும். (கண் என்றால் தூணுக்குத் தூண் உள்ள இடைவெளி. 140 மி.மீ. என்பது நிஜத்தில் 40 அடிக் கண். நல்ல அளவு.)

கர்டர் நேர், பாதை வளைவு. கண்ணின் நடுவில் பாதை எவ்வளவு விலகும்? கண் நீளத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 140 × 140 = 19,600; அதை 4,800-ஆல் வகுத்தால் 4.1 மி.மீ. இந்த விலகல் முழுவதையும் ஒரே பக்கம் விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அப்படி விடாமல், கர்டர் ஜோடியை 2 மி.மீ. வெளிப்பக்கம் நகர்த்தி வையுங்கள். அப்போது நடுவில் 2 மி.மீ. வெளியே, தூண் மேல் 2 மி.மீ. உள்ளே என்று பங்காகிவிடும். இரண்டு கர்டருக்கும் இடையே மையத்துக்கு மையம் 17 மி.மீ. வைத்தால் தண்டவாளம் எங்கேயும் கர்டரின் நடுக்கோட்டைத் தாண்டாது. 450 மி.மீ. ஆரத்தில் இதே கண் வைத்தால் விலகல் 5.4 ஆகிவிடும், தண்டவாளம் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே போகும். அங்கே கண்ணை 120-க்குக் குறையுங்கள்.

அடுத்தது, தூண் மேல் இரண்டு கண்களும் சந்திக்கிற இடம். உங்கள் அளவுக்கு அங்கே சுமார் 13 டிகிரி திருப்பம் வரும். எல்லாக் கர்டரையும் 140-க்கே வெட்டினால் உள்பக்க நுனிகள் ஒன்றோடொன்று இடிக்கும். 136 மி.மீ.க்கு வெட்டுங்கள். உள்பக்கம் 2 மி.மீ., வெளிப்பக்கம் 6 மி.மீ. சந்து கிடைக்கும். தூணின் மேல்தளம் பாதை போகிற திசையில் 20 மி.மீ. இருந்தால் இரண்டு கர்டரும் வசதியாக உட்காரும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் பாதையைப் போட்டுவிடுங்கள். பாலம் வரும் இடத்திலும் தற்காலிகமாகப் பிளைவுட் பட்டையை ஓட்டி, பாதை போட்டு, ரயிலை இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எந்தக் குறையும் இல்லை என்றானபிறகு பட்டையை அறுத்தெடுத்து, அதையே அச்சாக வைத்துப் பாலம் செய்யுங்கள். பாலத்தை முதலில் கட்டி, பாதையை அதற்கு இழுத்து ஒட்டவைத்த லேஅவுட்களில்தான் (மாடல் அமைப்புகளில்தான்) பாலத்தின் இரு முனையிலும் முறிவு விழுந்து பெட்டி இறங்குகிறது.

கோத்தகிரி (அதே நபர்): பாலம் 4 சதவீத ஏற்றத்துலயும் இருந்தா?

ஒவ்வொரு கண்ணுக்கும் 5.6 மி.மீ. ஏறும். உங்களுடையது வளைவு, 2.7 சதவீதம் வைத்தால் 3.8. கர்டர் சாயும், தூண் சாயாது. தூணை ரசமட்டம் வைத்துச் செங்குத்தாகவே நிறுத்துங்கள். கர்டருக்கு மூலைமட்டம் பிடித்து ஒட்டினால் தூண் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். படம் எடுத்துப் பார்த்தால்தான் அசிங்கம் தெரியும்.

குன்னூர்: கர்டருக்கு என்ன பொருள், எத்தனை துண்டு? லிஸ்ட் கொடுத்தா கோயம்புத்தூர் போறப்ப வாங்கிட்டு வந்துடுவேன்.

மூன்று கண்ணுக்கு ஆறு கர்டர். ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட்டில்:

நடுத்தகடு 1 மி.மீ. கனம், 136 × 13 மி.மீ., ஆறு. மேல், கீழ் விளிம்புப் பட்டை 0.75 மி.மீ. கனம், 4 மி.மீ. அகலம், பன்னிரண்டு. நிமிர்ந்த விறைப்புப் பட்டைகள் 13 மி.மீ.க்கு ஒன்று வீதம் பக்கத்துக்குப் பதினொன்று, ஆக மொத்தம் 132. சேதாரத்துக்கு 150 வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கர்டரையும் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு 1.5 மி.மீ. கோணப்பட்டை இரண்டு மீட்டர் போதும்.

ரிவெட் வேண்டுமானால் 0.25 மி.மீ. ஷீட்டின் பின்பக்கம் 1 மி.மீ. கிராஃப் தாளை ஒட்டி, காம்பஸ் முள்ளின் நுனியை உப்புத்தாளில் மழுங்கத் தேய்த்து, கோட்டுக்குக் கோடு அழுத்துங்கள். கீழே பழைய காலண்டர் அட்டை இருக்கட்டும். கண்ணாடி மேல் வைத்தால் புள்ளி எழும்பாது, ரப்பர் மேல் வைத்தால் ஷீட்டே குழிந்துவிடும். இந்தத் தகட்டை அப்புறம் விளிம்புப் பட்டை மேல் ஒட்டுங்கள்.

ஒட்டுவதற்கு எம்இகே, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் திரவம். தூரிகையில் தொட்டு இணைப்பில் வைத்தால் தானே உள்ளே ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஃபெவிக்விக் அவசரத்துக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு தட்டு விழுந்தால் விட்டுவிடும். ஒரே பக்கம் விறைப்புப் பட்டைகளை ஒட்டிவிட்டு இரவு முழுக்க விடாதீர்கள், கர்டர் வாழைப்பழம் போல வளைந்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்டி, கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள்.

பெயின்ட்: சிவப்பு ஆக்சைடு நிறம் அடியில், அதன்மேல் சாம்பல் கலந்த மங்கிய அலுமினியம். முதல் பூச்சு அக்ரிலிக்காக இருக்கட்டும். ஆட்டோமொபைல் ஸ்ப்ரேயின் தின்னர் ஸ்டைரீனைத் தின்றுவிடும். மூட்டம் இறங்கிய நாளில் ஸ்ப்ரே செய்தால் வெள்ளை பூத்துப்போகும்.

கேத்தி: பாலத்து மேல பாதையை எப்படிப் பிடிக்க வைக்கறது? அடியில பலகையே இல்லையே.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஸ்லீப்பர் பாதையைப் பாலத்தில் போடாதீர்கள். 1.6 மி.மீ. பிசிபி பலகையை (செம்பு பூசிய மின்சுற்றுப் பலகை) 3 மி.மீ. அகலம், 24 மி.மீ. நீளத்தில் வெட்டி, ஐந்து ஸ்லீப்பருக்கு ஒன்று அதுவாக வையுங்கள். மீதி நான்கும் அதே கனத்துக்குத் தேய்த்த ஐஸ்கிரீம் குச்சி. மையத்துக்கு மையம் 5.5 மி.மீ. பிசிபியில் செம்பை நடுவில் அரத்தால் கீறி, மல்டிமீட்டரில் சோதித்துவிட்டுத்தான் 1.4 மி.மீ. உயரத் தண்டவாளத்தை சால்டர் செய்ய வேண்டும். பாலத்தின் முழுநீள வரைபடத்தின் மேல் இருபக்க டேப்பில் ஸ்லீப்பர்களை வரிசைப்படுத்தி, மூன்று கண்ணுக்கும் ஒரே துண்டாகப் பாதையைச் செய்து, கர்டர் மேல் இறக்குங்கள். தூண் மேல் தண்டவாள இணைப்பு வேண்டாம்.

லவ்டேல்: பாலத்துல உள்பக்கம் ரெண்டாவது தண்டவாளம் போட்டேன். ரயில் ஏறினாலே ஷார்ட் ஆகுது.

காவல் தண்டவாளத்துக்கும் (நீங்கள் உள்பக்கம் போட்டது) ஓடுபாதைக்கும் நடுவில் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். பிசிபி ஸ்லீப்பரில் அதை மறுபக்கச் செம்போடு சேர்த்து சால்டர் செய்திருப்பீர்கள். சக்கரத்தின் முதுகு தொட்டதும் மின்சாரம் மறுபக்கம் போகிறது. மரக் குச்சிகளில் மட்டும் ஒட்டுங்கள், பிசிபி வரும் இடத்தில் அடியில் கொஞ்சம் தேய்த்துவிடுங்கள். உயரம் ஓடுபாதையை மிஞ்சக்கூடாது.

மேட்டுப்பாளையம்: பற்சட்டத்தைப் பார்வைக்கு மட்டும் வைக்கணும்னா என்ன வாங்கறது?

நம்முடையது ஆப்ட் முறை. பக்கத்துப் பக்கமாக இரண்டு பற்சட்டங்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வரும். ஒற்றைச் சட்டம் வைத்தால் தெரிந்தவர் கண்ணில் உடனே படும். ஆப்ட் முறையில் வழக்கமான பல் இடைவெளி 120 மி.மீ.; மாடலில் 1.4 மி.மீ. கியர் கடைக் கணக்கில் இதற்குக் கிட்டே வருவது மாட்யூல் 0.4, அதன் இடைவெளி 1.26. இரண்டு பட்டையையும் அரைப்பல் தள்ளி ஒட்டி, 0.5 மி.மீ. சந்து விடுங்கள். சட்டத்தின் தலை தண்டவாளத்தைவிட முக்கால் மி.மீ. உயரம்தான். அதற்கு மேல் போனால் இன்ஜினின் அடிப்பகுதி தட்டும். பிளாஸ்டிக் பட்டையாகவே இருக்கட்டும்.

நம்ம மலை ரயிலின் நீராவி இன்ஜினான எக்ஸ் வகுப்பைக் கையால் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பக்கமும் மேலொன்று கீழொன்றாக இரண்டு சிலிண்டர். கீழே இருப்பது சாதாரணச் சக்கரத்துக்கு, மேலே இருப்பது பற்சக்கரத்துக்கு. பற்சட்டம் உள்ள பகுதியில்தான் மேல் தண்டுகள் ஆடும். கல்லாறு ஸ்டேஷனுக்குக் கீழே மேல் தண்டும் ஆடுகிற மாடல் தப்பு.

ஊட்டி: ஜூன்ல சரியா ஓடின லேஅவுட் ஜனவரியில தடம் புரளுது. தண்டவாளம் சுருங்குதா?

தண்டவாளத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மீட்டர் தண்டவாளம் அரை மி.மீ.கூட நகராது. நகர்வது மரம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி, பனிக்காலத்தின் வறண்ட காற்றில் சுருங்குகிறது. பிளைவுட்டின் மேல்முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்து அடிமுகத்தை விட்டிருந்தால் பலகையே கிண்ணமாக வளையும். ஆறு முகமும், திருகுத் துளையும் உட்பட, வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். ரீப்பர் வாங்கியதும் அறுக்காமல், ரயில் ஓடப்போகும் அதே அறையில் சில வாரம் கிடக்கட்டும். தண்டவாளத்தை மதிய வெயிலில் ஒட்டுவதானால் இணைப்பில் சந்து தேவையில்லை. குளிர்ந்த காலையில் ஒட்டுவதானால் மீட்டருக்கு அரை மி.மீ. விடுங்கள்.

குன்னூர்: நம்ம ஊர் செம்மண்ணையே போடலாமா? தேயிலைச் செடிக்கு எது நல்லது?

மண்ணில் இரும்பு இருக்கிறது. வெயிலில் காயவைத்து, துணி கட்டிய காந்தத்தை அதன் மேல் பலமுறை இழுங்கள். ஒட்டுவது நின்றபிறகு மாவு சலிக்கும் சல்லடையில் சலித்துப் போடுங்கள். அப்படியே போட்டால் அந்தத் துகள் மோட்டார் காந்தத்தில் போய் உட்காரும். ஃபெவிகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் மண்ணுக்குள் இறங்கும். டீத்தூள் சக்கை போடுகிறவர்கள் அதை வாணலியில் வறட்டு வறட்டென்று வறுத்துவிட்டுப் போடவும். ஈரம் மிச்சமிருந்தால் நம்ம குளிரில் பூஞ்சை பிடிக்கும்.

தேயிலைக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். 8 முதல் 10 மி.மீ. உயரம் வரும்படி அடுக்கி ஒட்டி, தலையைக் கத்தரியால் மட்டமாக வெட்டுங்கள். கவாத்து செய்த தோட்டம் மேசை போலத்தான் இருக்கும். வரிசைக்கு வரிசை 14 மி.மீ., நடுவில் ஆள் நடக்கும் சந்து தெரிய வேண்டும். அங்கங்கே 150 மி.மீ. உயரத்தில் சில்வர் ஓக். கல்லாறு பக்கம் தேயிலை வைக்காதீர்கள், அங்கே பாக்குத் தோப்பு.

வெலிங்டன்: இன்ஜின் இழுத்தா ஒழுங்கா வருது. நம்ம ரயில் மாதிரி பின்னாடியிருந்து தள்ளினா வளைவுல பெட்டி குதிக்குது.

கல்லாறு–குன்னூரில் இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான், அதனால் தள்ளித்தான் ஆக வேண்டும். முதலில் எடை. 140 மி.மீ. பெட்டிக்குச் சுமார் 80 கிராம் வரவேண்டும். குறைந்தால் பெட்டியின் தரையோடு ஒட்டி, போகிக்கு (பெட்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்) நேர் மேலே, ஈயத் துண்டு வையுங்கள். கூரையில் வைத்தால் கவிழும். எல்லாப் பெட்டியும் ஒரே எடை இருக்கட்டும். லேசான பெட்டி நடுவில் மாட்டினால் அதுதான் எகிறும்.

பிறகு கப்ளிங், அதாவது பெட்டிகளை இணைக்கும் கொக்கி. தள்ளும் விசை பெட்டியின் உடலில் பிடித்த கப்ளிங் வழியாகப் போக வேண்டும். போகியில் பிடித்த கப்ளிங் தள்ளினால் போகியைத் திருப்பிவிடும். பெட்டி நுனிகள் முட்டுகிறதா என்று வளைவிலேயே வைத்துப் பாருங்கள். முட்டினால் கப்ளிங்கை அரை மி.மீ. நீட்டுங்கள்.

இவ்வளவும் சரி, அப்புறமும் ஒரே இடத்தில் குதிக்கிறது என்றால் குறை பெட்டியில் இல்லை. பாதையில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு சின்ன ரசமட்டத்தை வையுங்கள். அனேகமாக வெளித் தண்டவாளம் தாழ்ந்திருக்கும். அடியில் விசிட்டிங் கார்டு துண்டு ஒன்றைச் செருகி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.