நாய்க்கு முட்டி ஜவ்வு அறுந்துவிட்டால் பிசியோதெரபி உதவுமா? வேலூர் மாதிரி ஊரில் அதைச் செய்ய முடியுமா?

உதவும், வீட்டிலேயே பெரும்பகுதியைச் செய்ய முடியும். ஆனால் அறுந்த ஜவ்வை எந்தப் பயிற்சியும் ஒட்டவைக்காது. முட்டியைச் சுற்றியுள்ள தசையைத் தேற்றி, நாயை அந்தக் காலை மறுபடி ஊன்றவைப்பதுதான் பிசியோதெரபியின் வேலை. காலைத் தூக்கியே வைத்திருந்தால் சில வாரங்களில் தொடை சூம்பிவிடும். இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பாருங்கள், கைக்கே தெரியும்.

எங்கள் மணி காட்பாடியில் வளரும் லேப்ரடார். அவனுக்குச் சென்னையில் டிபிஎல்ஓ அறுவை செய்தோம். முட்டிக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்முனையை வெட்டி, அதன் சரிவைக் குறைத்துத் தகடு வைப்பார்கள். வெட்டிய எலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஓட்டம், தாவல், மாடிப்படி எதுவும் கூடாது. 15 கிலோவுக்குக் குறைந்த நாய்கள் பல, அறுவை இல்லாமலே ஓய்விலும் பயிற்சியிலும் தேறுகின்றன. எது உங்கள் நாய்க்குப் பொருந்தும் என்பதை எக்ஸ்ரே பார்த்த கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொமேரியன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நடுவில் ரெண்டு எட்டு காலைத் தூக்கிக் குதித்துவிட்டு மறுபடி ஒழுங்காக நடந்தால், அது பெரும்பாலும் ஜவ்வு அறுந்ததல்ல, முட்டிச்சில்லு விலகல்.

தண்ணீருக்குள் நடக்கவைக்கும் டிரெட்மில் நல்லதுதான். ஆனால் அது கிடைக்கவில்லை என்று யாரும் மனம் தளர வேண்டாம். என் அனுபவத்தில் மெதுநடைக்கு ஈடு எதுவும் இல்லை. கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, கோயில் பிராகாரம் சுற்றுவது போல நடக்கவிடுங்கள். வேகமாகப் போனால் நாய் மூன்று காலில் நொண்டியே சமாளித்துவிடும். மெதுவாகப் போனால் நாலாவது காலையும் ஊன்றியாக வேண்டும். மருத்துவர் சொன்னபடி ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டினோம். நம் ஊர் வெயிலுக்கு விடியும் முன்னே கிளம்ப வேண்டும். மாலையில் என்றால் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பாலாற்று மணல் இப்போதைக்கு வேண்டாம். கால் புதையும் மணலில் முட்டிக்குப் பாரம் அதிகம்.

அடுத்தது உட்கார்ந்து எழுவது. அடிபட்ட கால் சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்காரவையுங்கள். அப்போதுதான் அதை வெளியே நீட்டிவிட்டு எழ முடியாது. டைல்ஸ் தரையில் நாய் நடமாடும் வழியெல்லாம் ரப்பர் பாய் போடுங்கள். சாக்கு வேண்டாம், அதுவே வழுக்கும்.

‘நாய்க்கெல்லாம் பிசியோவா?’ என்பவர்களுக்கு நான் டாக்டர் மேரி வர்கீஸைத்தான் நினைவூட்டுவேன். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை செய்தவர். 1966இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் உருவானது அவர் முயற்சியால். பயிற்சி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

எடையைக் குறைக்காமல் இதெல்லாம் வீண். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். பிஸ்கட்டும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமும் கூடாது, அதிலிருக்கும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது. ஒரு முட்டி போன நாய்களில் பலவற்றுக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் மறு முட்டியும் போகிறது என்பதால், இந்தக் கட்டுப்பாடு ஆயுசுக்கும் தேவை. நமக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நன்றாக ஊன்றி நடந்த நாய் திடீரென மறுபடி காலைத் தூக்கினாலோ, முட்டியில் ‘டக்’ என்று சத்தம் கேட்டாலோ, பயிற்சியை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம்.