கேள்வி – பதில்: பள்ளி எல்லையும் பெற்றோர் சண்டையும்

கேள்வி: என் தங்கை அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் வீடு தேடுகிறாள். படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு என்றுதான் கேட்கிறாளாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் அப்படி என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: அங்கே அரசுப் பள்ளியில் இடம் கேட்டு யாரும் அலைய வேண்டியதில்லை, வீட்டு முகவரியே பெரும்பாலும் பள்ளியை முடிவு செய்துவிடும். தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தால் ஒரு ஹைஸ்கூல், எதிர்ச்சாரியில் இருந்தால் இன்னொன்று. வீடு விற்கும் ஸில்லோ போன்ற தளங்களில் விலைக்குக் கீழேயே, பள்ளிகளை மதிப்பிடும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு தரும் 1 முதல் 10 வரையிலான மதிப்பெண்ணும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வீடே வாங்குகிறார்கள்.

பல மாநிலங்களில் பணக்காரப் புறநகருக்கு அரசுப் பள்ளிகளை நடத்தும் வாரியம் ஒன்று, ஏழை நகரத்துக்குத் தனி வாரியம். 1974ல் டெட்ராய்ட் வழக்கில், புறநகர் வாரியங்களின் மீது தவறு நிரூபணமாகாமல் அந்த எல்லையைத் தாண்டிக் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைக் கலக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று 1954ல் சொன்ன அதே நீதிமன்றம்தான். மேரிலாந்தில் நிலைமை வேறு. மாநிலம் முழுவதற்கும் 24 வாரியங்கள்தான், ஒரு கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று, பால்டிமோர் நகருக்கு ஒன்று. வசதியான பகுதியும் வசதியில்லாத பகுதியும் ஒரே வாரியத்துக்குள் இருப்பதால் பள்ளி எல்லைக் கோட்டை மாற்றிப் போட வாரியத்தால் முடியும். அதனால்தான் அங்கே சண்டையும் வருகிறது. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கவுண்டியில் ஹைஸ்கூல் பவுண்டரியை மாற்றப் போகிறார்கள். ரேட்டிங் 9 இருக்கும் பள்ளியை நம்பித்தான் இந்த வீட்டை வாங்கினோம். புது வரைபடத்தில் எங்கள் தெரு ரேட்டிங் 4 பள்ளிக்குப் போகிறது. மகன் எட்டாவது படிக்கிறான். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சண்டை. பள்ளி வாரிய (போர்டு) கூட்டத்தில் போய் எதிர்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர், என் கணவர் வீட்டை விற்றுவிடலாம் என்கிறார். அந்தப் பள்ளியை நாமே சேர்ந்து மேம்படுத்தலாமே என்று நான் சொன்னால், உன் பிள்ளையை வைத்துச் சோதனை செய்யாதே என்று பதில் வருகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, மேரிலாந்து

பதில்: சகோதரி, எதை முடிவு செய்தாலும் முதலில் அந்தப் பள்ளிக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் குழுவில் இத்தனை பேர் சண்டை போடுகிறார்களே, அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

ரேட்டிங்கில் பெரும்பகுதி, அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வருமானத்தைத்தான் காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுக்கத் தேர்வு முடிவுகளை எடுத்து ஆராய்ந்தவர். சராசரி மதிப்பெண் குடும்ப வசதியோடு ஒட்டிப் போகிறது, ஆனால் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது அப்படிப் போகவில்லை என்று காட்டினார். சிகாகோ அரசுப் பள்ளிகளில் மதிப்பெண் குறைவுதான், ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்தே ஆண்டில், ஆறு ஆண்டுப் படிப்பைப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். கிரேட்ஸ்கூல்ஸும் 2020ல் தன் கணக்கை மாற்றி மாணவர் முன்னேற்றத்துக்குக் கூடுதல் இடம் தந்தது. அதனால் அந்த 4க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சலரைச் சந்தித்துக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா யார் எடுக்கிறார், அனுபவசாலியா, புதிதாக வந்தவரா? எத்தனை வகுப்புகள் தற்காலிக ஆசிரியரை வைத்து ஓடுகின்றன? கல்லூரித் தரத்துப் பாடமான ஏபி கால்குலஸ் இருக்கிறதா, எத்தனை பிரிவு? முடிந்தால் மணி அடித்து வகுப்பு மாறும் நேரத்தில் நடைபாதையில் நில்லுங்கள். பிரின்சிபல் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, மணி அடித்த பிறகும் பிள்ளைகள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்களா, கழிப்பறை பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வருகைப் பதிவு. 180 நாள் பள்ளியில் 18 நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்பது மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டு தளத்திலேயே கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை ரேட்டிங்கைவிட முக்கியமான எண் இதுதான்.

போர்டில் போய்ப் பேசுவது உங்கள் உரிமை, தாராளமாகப் பேசுங்கள். ஆனால் ஹவார்டு கவுண்டியில் நடந்ததை மறக்காதீர்கள். அந்தக் கவுண்டியின் கொலம்பியா நகரமே எல்லா இனத்தவரும் எல்லா வருமானக்காரர்களும் சேர்ந்து வாழ வேண்டும் என்று 1967ல் ஜேம்ஸ் ரௌஸ் தொடங்கியது. 2019ல் சில பள்ளிகள் நிரம்பி வழிந்தன, சிலவற்றில் இடம் காலியாக இருந்தது, இலவச மதிய உணவு வாங்கும் ஏழைப் பிள்ளைகள் ஒரு சில பள்ளிகளிலேயே குவிந்திருந்தார்கள். 7,000 பேருக்கு மேல் இடம் மாற்றும் திட்டத்தைக் கவுண்டிப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் முன்வைத்தார். பேரணி, பதாகை, மணிக்கணக்கில் கூட்டங்கள், இனவெறுப்புக் கடிதங்கள் எல்லாம் வந்தன. எதிர்த்தவர்களில் நம்மைப் போன்ற ஆசியக் குடும்பங்களும் நிறைய. கடைசியில் நவம்பரில் 5,000 பேருக்கு மேல் மாற்ற வாரியம் வாக்களித்தது. அந்த மேடைகளில் “அந்தப் பள்ளி” என்று திரும்பத் திரும்பப் பேசப்பட்டதை அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மைக்கைப் பிடிக்கும்போது தூரம், பேருந்து நேரம், நட்பு பிரிவது எல்லாவற்றையும் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைகளை மட்டும் மட்டம் தட்டாதீர்கள்.

மேம்படுத்தலாம் என்று நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005லேயே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் தேவையான கிரெடிட் (பாடம் தேறியதற்கான புள்ளி) எடுத்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாமல் தாண்டிய பிள்ளை, தாண்டாத பிள்ளையைவிட மூன்றரை மடங்கு அதிக வாய்ப்போடு நான்கு ஆண்டில் ஹைஸ்கூல் படிப்பை முடிக்கிறது. அங்குள்ள பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பையே குறிவைத்து வேலை செய்தன. யார் வரவில்லை, யார் தவறுகிறார்கள் என்று வாராவாரம் பட்டியல் எடுத்து ஆள் அனுப்பிப் பிடித்தார்கள். ஒன்பதாம் வகுப்பை அப்படித் தாண்டிய பிள்ளைகளின் அளவு 2007ல் 57 சதவீதமாக இருந்தது 2013ல் 82 ஆனது. மேரிலாந்திலும் 2021ல் சட்டமான ‘புளூபிரிண்ட்’ என்ற பள்ளிச் சீர்திருத்தத் திட்டத்தில் தேசியச் சான்று பெற்ற ஆசிரியருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் கூடுதல் சம்பளம், பின்தங்கிய பள்ளியில் வேலை செய்தால் இன்னும் 7,000. அந்த ஆசிரியர்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார்களா என்று வாரியத்தைக் கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பெற்றோர்-ஆசிரியர் சங்கக் (பிடிஏ) கூட்டத்துக்குப் போனதும் ரோபோட்டிக்ஸ் கிளப் தொடங்கலாம் என்று ஆரம்பிக்க வேண்டாம். அங்கே இருக்கும் பெற்றோர் பலர் இரண்டு வேலை பார்ப்பவர்கள், ஏழு மணிக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள். அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு நடக்காதது என்ன என்று முதலில் கேளுங்கள். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம், மாலையில் ஒரு பேருந்தாக இருக்கலாம். அதை வாங்கிக் கொடுக்க நில்லுங்கள். ரோபோட்டிக்ஸ் அடுத்த ஆண்டு வரட்டும்.

உங்கள் கணவரின் பயமும் நியாயமானதுதான், அவரைக் குறை சொல்லாதீர்கள். நேரில் பார்த்த பிறகும் கணக்குக்கு ஆசிரியர் இல்லை, பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வீட்டை விற்கும் முடிவை வாட்ஸ்அப் குழுவிடம் விடாதீர்கள்.

கேள்வி: ரேட்டிங் குறைந்த பள்ளியில் படித்தால் நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதா?
– ஒரு பதினோராம் வகுப்பு மாணவி, மேரிலாந்து

பதில்: கிடைக்கும் அம்மா. விண்ணப்பத்தோடு உன் பள்ளியின் விவரக் குறிப்பும் போகிறது. அங்கே என்னென்ன பாடம் இருந்தது, அதில் நீ எதையெல்லாம் எடுத்தாய் என்றுதான் பார்ப்பார்கள். டெக்சஸில் 1997ல் இதற்குச் சட்டமே போட்டார்கள், எந்தப் பள்ளியானாலும் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் பின்னால் அந்த வரம்பைக் குறைத்தார்கள். நீ கேட்கும் பாடம் உன் பள்ளியில் இல்லையென்றால், புளூபிரிண்ட் திட்டத்தின்படி கல்லூரிக்கான தகுதித் தரத்தை எட்டிய மாணவர்கள் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) கட்டணமின்றிப் படிக்கலாம். அடுத்த பருவத்துக்குப் பாடம் தேர்வு செய்யும் முன்பே கவுன்சலரிடம் போய்க் கேள்.