விவாகரத்துத் தீர்ப்பு நகல் கையில் இல்லை: எந்த நீதிமன்றத்தில், எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: எனக்கு 2006-இல் திருமணம். தாம்பரத்தில் குடியிருந்தோம். 2012 வாக்கில் கணவர் விவாகரத்து வழக்குப் போட்டார். சில வாய்தாக்களுக்குப் போனேன். பிறகு கோவையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ‘டைவர்ஸ் ஆகிவிட்டது’ என்று என் வக்கீல் போனில் சொன்னார். அவர் இப்போது உயிரோடு இல்லை. என்னிடம் ஒரு தாள்கூட இல்லை, வழக்கு எண்ணும் தெரியாது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்கவும், மறுமணத்தைப் பதிவு செய்யவும் தீர்ப்பு நகல் கேட்கிறார்கள். சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் கேட்டால் அப்படி ஒரு வழக்கே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சென்னையில் இல்லை என்றால் வழக்கே இல்லை என்று பொருளாகாது. உங்கள் வழக்கு நடந்த காலத்தில் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் தலைமை நீதிமன்றமோ காஞ்சிபுரத்தில் இல்லாமல் செங்கல்பட்டில் இருந்தது. ‘சென்னையில்தான் இருந்தோம்’ என்று சொல்லும் புறநகர்க் குடும்பங்கள் பலவற்றின் வழக்குகள் இப்படித்தான் தாம்பரம், செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று வெளியே கிடக்கின்றன. தபால் முகவரியில் சென்னை என்று இருந்தாலும் நீதிமன்ற எல்லை வேறாக இருக்கலாம். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அதே ஆண்டு பிறந்தவை. இந்தப் பகுதிக்காரர்கள் பழைய வழக்கைத் தேடும்போது இன்றைய மாவட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, தாய் மாவட்டத்திலும் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் நீதிமன்றத்தின் பெயர். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்து திருமணச் சட்ட வழக்குகளைச் சார்பு நீதிமன்றம், அதாவது சப் கோர்ட், விசாரித்தது. பிற்பாடு அந்த ஊரில் குடும்ப நல நீதிமன்றம் வந்தபோது நிலுவையில் இருந்த வழக்குகள் அங்கே மாறிப் புதிய எண் பெற்றன. அதற்கு முன்பே முடிந்துபோன வழக்கின் கட்டு சப் கோர்ட்டு ரெக்கார்டு ரூமிலேயே இருக்கும். ஆகவே இரண்டு வாசலிலும் கேட்க வேண்டும்.

எந்தெந்த ஊரில் தேடுவது என்பதற்குச் சட்டமே வரைபடம் தருகிறது. இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி வழக்குப் போடக்கூடிய இடங்கள்: திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் அப்போது குடியிருந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரராக இருந்தால் அவர் குடியிருக்கும் ஊர் (இது 2003 முதல்). உங்கள் வழக்கைப் போட்டவர் கணவர். எனவே தாம்பரமும் திருமணம் நடந்த ஊரும் முதலில். நீங்கள் வாய்தாவுக்குப் போன கட்டடம் எந்த ஊரில் என்று நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒன்று: நீங்கள் கோவைக்கு வந்தபின் உங்கள் வக்கீல் உயர் நீதிமன்றத்தில் மாற்று மனு போட்டு வழக்கைக் கோவைக்கு மாற்றியிருந்தால், அதன்பின் எண்ணும் நீதிமன்றமும் வேறு. பழைய நீதிமன்றப் பதிவேட்டில் ‘மாற்றப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் நிற்கும்.

இனி வழக்கு எண். எல்லாமே இந்த எண்ணில்தான் தொங்குகிறது. மாவட்டங்களில் ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) என்றும் சென்னைக் குடும்ப நல நீதிமன்றங்களில் வெறும் ஓ.பி. என்றும் எழுதுவார்கள். ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கட்சிக்காரர் பெயரில் தேடுங்கள். இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் சறுக்குகிறார்கள். ஒன்று, ஆண்டு. அங்கே கேட்பது வழக்குப் பதிவான ஆண்டு, தீர்ப்பான ஆண்டு கிடையாது. 2012-இல் பதிவாகி 2014-இல் முடிந்த வழக்கை 2014 என்று தேடினால் ஒன்றும் வராது. ‘2012 வாக்கில்’ என்கிறீர்கள். 2011, 2012, 2013 மூன்றையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இரண்டு, நிலுவை, முடிந்தது என்ற தேர்வில் முடிந்தவற்றைக் குறிக்க வேண்டும். மூன்று, பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் சுப்பிரமணியன் என்பவர் நான்கு விதமாகப் பதிவாகியிருப்பார், இனிஷியல் முன்னாலோ பின்னாலோ இருக்கும். முழுப்பெயரை அடிக்காமல் எந்தக் கூட்டலிலும் மாறாத நாலைந்து எழுத்துகளை மட்டும் கொடுங்கள். முதலில் கணவர் பெயர், பிறகு உங்கள் பெயர். கிடைத்துவிட்டால், வழக்கு எண்ணோடு 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (ஈகோர்ட்ஸ் ஒவ்வொரு வழக்குக்கும் தரும் தனி அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள்.

திரையில் தீர்ப்பைப் படிக்க முடியவில்லை என்றால் பதற வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவு இந்த விசாரணைகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், வெளியிடக் கூடாது என்கிறது. நகல் பெறும் உங்கள் உரிமையை அது தொடாது.

இணையத்தில் சிக்காத பழைய வழக்குகள் நிறைய உண்டு. அப்போது வீட்டைத் துழாவுங்கள். முதன்முதலில் உங்களுக்கு வந்த சம்மன், ஜீவனாம்ச வழக்கின் மனு அல்லது பதிலுரை, குடும்ப வன்முறைச் சட்ட மனு ஏதாவது இருக்கிறதா? இவற்றில் எங்காவது ஒரு வரியில் விவாகரத்து வழக்கின் எண் வந்திருக்கும். மறைந்த வக்கீலின் அலுவலகத்தை அவருடைய ஜூனியர் யாராவது எடுத்து நடத்துகிறாரா என்று அந்த ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் கேளுங்கள். வக்கீல் டைரியில் வாய்தா தேதிக்கு நேரே எண் எழுதியிருப்பார்கள். எதுவும் இல்லையென்றால், நீதிமன்றத்தில் தேடுதல் விண்ணப்பம் போட்டுப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லலாம். இரு தரப்புப் பெயர், தோராய ஆண்டுகள், திருமணத் தேதி ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

எண் கிடைத்ததும் நகலுக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, வழக்கு எப்படி முடிந்தது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். நீங்கள் தீர்ப்பைக் கண்ணால் பார்க்கவில்லை, போனில் கேட்டதுதான். மனு அனுமதிக்கப்பட்டது என்றோ, நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சமாக, அதாவது எக்ஸ்பார்ட்டியாக, அனுமதிக்கப்பட்டது என்றோ இருந்தால் திருமணம் முறிந்திருக்கிறது. ‘டிஸ்மிஸ்டு ஃபார் டீஃபால்ட்’ என்றிருந்தால் மனுதாரர் ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, சட்டப்படி நீங்கள் இன்னும் மனைவிதான். வழக்கு ‘முடிந்துவிட்டது’ என்று கேட்டுவிட்டு விவாகரத்தே ஆனதாக நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, அதோடு இருதாரமணக் குற்றச்சாட்டும் வரும். இன்னும் இரண்டு சாயல்கள் உண்டு: நீதிமுறைப் பிரிவினை என்ற தீர்ப்பு சேர்ந்து வாழும் கடமையை மட்டும் நீக்கும், மறுமணத்துக்கு வழி திறக்காது. சேர்ந்து வாழக் கோரும் 9-ஆம் பிரிவு மனுவின் எண்ணை விவாகரத்து எண் என்று எடுத்து வருபவர்களும் உண்டு. எனவே தீர்ப்பில் ‘திருமண பந்தம் கலைக்கப்படுகிறது’ என்ற வாசகம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி இருந்தால், நகல் மனு. விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 23(4) பிரிவு சொல்கிறது. அந்த நகலை நீங்கள் வாங்கவே இல்லை என்றால் மனுவில் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் நகல்களுக்குக் கட்டணம் உண்டு. மனுவில் தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டையும் எழுதிக் கேட்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். வக்கீல்கள் இதை ‘ஃபேர் அண்ட் டெக்ரீட்டல் ஆர்டர்’ என்பார்கள். தீர்ப்புரை காரணங்களைச் சொல்வது, தீர்ப்பாணை முடிவை மட்டும் சொல்வது. ஒன்றை மட்டும் வாங்கிப் போனால் அலுவலகத்தில் மற்றதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீதிமன்றம் ‘விவாகரத்துச் சான்றிதழ்’ என்று தனியாக எதுவும் தருவதில்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நோட்டரி முத்திரை குத்திய ஜெராக்ஸும் சான்றிட்ட நகலாகாது.

மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பின் பெயர், தீர்ப்புத் தேதி, எத்தனை நகல், நீங்கள் இதில் யார் (எதிர்மனுதாரர்) என்பவை இருக்க வேண்டும். அடையாள அட்டை நகல் இணையுங்கள். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவில் கொடுத்தால் ஒரு சி.ஏ. எண் (நகல் மனு எண்) தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள்.

அதன்பின் நடப்பதுதான் வெளியூர்க்காரர்களுக்குப் பொறி. பக்கங்களை எண்ணிவிட்டு, இத்தனை நகல் முத்திரைத்தாள் தேவை என்று நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தகவல் வரும் என்று காத்திருந்தால், குறித்த நாளுக்குள் தாள் கட்டவில்லை என்று மனு அடிபட்டுப் போகும். நீங்கள் கோவையில் இருந்துகொண்டு செங்கல்பட்டில் பலகை பார்க்க முடியாது. உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் வக்காலத்து கொடுத்துவிடுங்கள். செலவு தாங்காது என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

‘கட்டு கிடைக்கவில்லை’ என்ற பதில் வந்தால் அதோடு திரும்பாதீர்கள். பெரும்பாலும் காரணம் இருக்கும். மேல்முறையீடு நடந்திருந்தால் கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு நேரே உயர் நீதிமன்றத்துக்கு, சப் கோர்ட் தீர்ப்புக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு. அங்கே சி.எம்.ஏ. எண்ணை, அதாவது மேல்முறையீட்டு எண்ணை, தேடுங்கள். மேல்முறையீடு இருந்ததா என்று தெரிவது இன்னொரு வகையிலும் அவசியம்: மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை மறுமணம் கூடாது என்பது இந்து திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. அடுத்த காரணம், ஆர்டர் போட்டும் தீர்ப்பாணை வரையப்படாமலே கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கலாம். அப்படியானால் தீர்ப்பாணை வரையக் கோரி நீதிபதி முன் மனு வைக்க வேண்டும். நகலுக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் காலம் கழிக்க வேண்டாம். நீதிமன்ற விதிகளில் நகல் பெற வழி இருக்கும்போது அந்த வழியில்தான் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது.

வழக்கில் தரப்பாக இல்லாதவர், உதாரணமாக வரன் பார்க்கும் குடும்பம், நகல் வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லிப் பிரமாண வாக்குமூலத்தோடு மனு செய்து நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். அது எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. விவாகரத்தானவரிடமே கேட்டு வாங்குவதுதான் முறை.

இதைப் படிக்கும் கிறிஸ்தவ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 திருத்தத்துக்கு முன், இந்திய விவாகரத்துச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் தந்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. எனவே அந்தக் காலத்து விவாகரத்துக்கு இரண்டு இடத்தில் ஆவணம் உண்டு, உறுதிசெய்த உத்தரவின் நகலையும் வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்டுப் பிரிந்தவர்களுக்கோ எந்த நீதிமன்றத்திலும் கட்டு இருக்காது. தேடுவதில் பயனில்லை. சமூக வழக்கத்தை நிரூபிக்க முடியுமா, புதிதாக வழக்குப் போட வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்க வேண்டும்.

நகல் தயாரானதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் சரிபாருங்கள். உங்கள் பெயர், தந்தை பெயர், திருமணத் தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை. கடைசிப் பக்கத்தில் மனு கொடுத்த தேதி, தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வழங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும், கீழே அதிகாரியின் கையெழுத்தும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். பெயரில் பிழை கண்டால் மூலத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். நகல் எடுத்ததில் பிழை என்றால் நகல் பிரிவே திருத்தும். மூலத் தீர்ப்பிலேயே பிழை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152-ஆம் பிரிவில் திருத்த மனு போட வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் போய்த் தெரிந்துகொள்வதைவிட அங்கேயே தெரிந்துகொள்வது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். முதல் மனுவிலேயே மூன்று நகல் கேளுங்கள்: ஒன்று பாஸ்போர்ட்டுக்கு, ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு, ஒன்று யாரிடமும் கொடுக்காமல் வீட்டில் வைத்துக்கொள்ள.